டயரைச் சொல்லுங்கள், ஆக்சிலைச் சொல்கிறேன்

"அண்ணா, டானா 60 ஒண்ணு மலிவா வருது. வாங்கிப் போட்டுடவா?"

ஜீப் வைத்திருக்கும் தம்பிகளிடமிருந்து எனக்கு வரும் கேள்விகளில் முக்கால்வாசி இந்த ரகம்தான். நான் திருப்பிக் கேட்பது மூன்றே விஷயம். என்ன சைஸ் டயர்? லாக்கர் உண்டா, இனிமேல் போடப் போகிறீர்களா? வண்டி எங்கே ஏறப் போகிறது? இதற்கெல்லாம் பதில் வந்த பிறகுதான் ஆக்சில் பேச்சு. ஆனால் பலரும் தலைகீழாகத் தொடங்குகிறார்கள். முதலில் பெரிய பெயருள்ள ஆக்சிலை வாங்கி இறக்கிவிடுகிறார்கள். அப்புறம் அதற்கேற்ற வீல், பிரேக், ஸ்டீயரிங், புரொப்பெல்லர் ஷாஃப்ட் என்று செலவு வரிசைகட்டி வருகிறது. கையில் இருந்த காசு பாதியிலேயே தீர்ந்து, வண்டி வருடக்கணக்கில் ஸ்டாண்டின் மேல் நிற்கிறது. நல்லா ஓடிக்கொண்டிருந்த வண்டி அப்படி நிற்பதைப் பார்க்க எனக்கு மனசு தாங்கவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் இருப்பது கலிஃபோர்னியாவில், சாக்ரமெண்டோ பக்கம். காலையில் கிளம்பினால் மதியத்துக்குள் ரூபிகான் டிரெயிலின் வாசலில் டயர் காற்றை இறக்கிக்கொண்டிருக்கலாம். சியரா நெவாடா மலையில் டாஹோ ஏரியை நோக்கிப் போகிற ஏறக்குறைய 35 கிலோமீட்டர் தடம் அது. பெரும்பகுதி கிரானைட் பாறை. 1953 முதல் 'ஜீப்பர்ஸ் ஜம்போரி' என்று ஜீப்புகள் கூட்டமாக அதைக் கடந்துவருகின்றன. ராங்ளரின் உச்ச மாடலுக்கு ரூபிகான் என்று கம்பெனி பெயர் வைத்தது இந்தத் தடத்தை வைத்துத்தான். எங்கள் கூட்டத்தில் அதிகம் இருப்பது 1997 முதல் 2006 வரை வந்த ராங்ளர் டிஜே. அதை வைத்தே பேசுகிறேன். கணக்கு பிடிபட்டால் உங்கள் வண்டிக்கும் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

டிஜேயில் பெரும்பாலானவற்றுக்கு முன்னால் டானா 30, பின்னால் டானா 35. கூடுதல் காசு கொடுத்தவர்களுக்குப் பின்னால் டானா 44 கிடைத்தது. 35இன் கிரவுன் வீல் விட்டம் 7.5 இன்ச்சுக்குச் சற்று மேல். ஆக்சில் ஷாஃப்ட் 27 ஸ்ப்லைன், 1.18 இன்ச் கனம். 44க்குக் கிரவுன் 8.5 இன்ச், ஷாஃப்ட் 30 ஸ்ப்லைன், 1.31 இன்ச். பார்த்தால் வித்தியாசம் ஒரு விரல் நகத்தின் கனம்கூட இல்லை. ஆனால் முறுக்கைத் தாங்கும் வலிமை விட்டத்தின் முப்படியைப் பொறுத்து, அதாவது விட்டத்தை மூன்று தடவை வைத்துப் பெருக்கிய அளவில், ஏறுகிறது. 1.18க்குப் பதில் 1.31 என்றால், ஒரே இரும்பாக இருந்தாலும் தாங்கும் சக்தி 37 சதவீதம் கூடுகிறது. டானா 60இல் வரும் 1.5 இன்ச் ஷாஃப்ட் என்றால் இரண்டு மடங்குக்கு மேல். கேட்டலாக்கில் எதைப் பார்க்கிறீர்களோ இல்லையோ, ஷாஃப்ட் விட்டத்தைப் பாருங்கள்.

டானா 35ஐத் திட்டாத ஜீப்காரர் இல்லை. நான் அந்தக் கோஷ்டியில் சேர மாட்டேன். கம்பெனி கொடுத்த 29, 30 இன்ச் டயரோடு, லாக்கர் இல்லாமல் ஓட்டினால் அது ஆயுசுக்கும் உழைக்கும். அதற்குக் கொடுத்த வேலை அவ்வளவுதான். அதை ஒழுங்காகவே செய்தது. வேலையை மாற்றியது நாம்.

எப்படி மாற்றினோம் என்று பார்ப்போம். டிஜேயின் 4.0 லிட்டர் எஞ்சின் தருவது சுமார் 319 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை. 2000க்குப் பிறகு வந்த ஐந்து கியர் பெட்டியில் முதல் கியர் 4.01. டிரான்ஸ்ஃபர் கேஸில் லோ போட்டால் 2.72. டிஃபரன்ஷியல் 3.73. எல்லாவற்றையும் பெருக்கினால் கிட்டத்தட்ட 13,000 நியூட்டன் மீட்டர் வருகிறது. இதில் பாதி வந்தாலே டானா 35இன் ஷாஃப்ட் முறிந்துவிடும். தினமும் ஏன் முறிவதில்லை? டயர் வழுக்கிவிடுகிறது, அதனால். தரையில் டயருக்கு எவ்வளவு பிடி இருக்கிறதோ அவ்வளவுதான் ஷாஃப்ட்டுக்கு வேலை. ஆக்சில் விஷயத்தில் எஞ்சின் குதிரைசக்தி இரண்டாம் பட்சம். டயரின் பிடியும் டயரின் உயரமும்தான் முதல்.

செங்குத்தான பாறையில் ஏறும்போது வண்டியின் எடை பின்னால் சாய்கிறது. பின் சக்கரத்தில் ஒன்று அந்தரத்தில் தொங்கினால், மற்றது 900 கிலோ வரை சுமக்கலாம். காற்றை இறக்கிய ரப்பர் காய்ந்த கிரானைட்டைப் பிடிக்கும் பிடி, தன் மேல் விழும் எடைக்கு ஏறக்குறைய சமம் என்று வைத்துக்கொள்வோம். 35 இன்ச் டயருக்கு, அழுந்திய நிலையில் ஆரம் 0.43 மீட்டர். கணக்குப் போட்டால் அந்த ஒரு ஷாஃப்ட்டின் தலையில் 3,800 நியூட்டன் மீட்டர். இதே வண்டி, 29 இன்ச் டயர் என்றால் 3,200க்குள் அடங்கிவிடும். ஈரச் சேற்றில் பிடி பாதிக்கும் கீழே போய்விடுவதால் இந்தச் சுமையும் பாதிக்குக் கீழே. சேற்றில் வருடக்கணக்கில் ஒன்றும் ஆகாத ஆக்சில், யூட்டாவின் மோவாப் மணற்பாறையில் முதல் ஏற்றத்திலேயே போய்விடுவது இதனால்தான். அந்தப் பாறை உப்புக் காகிதம் போல டயரைப் பிடித்துக்கொள்ளும். வழுக்கித் தப்பிக்க இடமே தராது.

லாக்கர் இதில் எங்கே வருகிறது? சாதா டிஃபரன்ஷியல் இரண்டு பக்கத்துக்கும் ஒரே அளவு விசையைத்தான் தரும். ஒரு சக்கரம் அந்தரத்தில் இருந்தால் அதற்குத் தேவைப்படுவது ஒன்றுமில்லை; எனவே மற்றதற்கும் ஒன்றுமில்லை. வண்டி நகராது, ஆனால் ஷாஃப்ட்டும் உடையாது. லாக்கர் போட்டுப் பூட்டிவிட்டால் அந்த ஆக்சிலுக்கு வரும் மொத்த விசையும் தரையில் நிற்கும் ஒரே சக்கரத்துக்குப் போகிறது. நான் மேலே போட்ட 3,800 கணக்கு அப்போதுதான் நிஜமாகிறது. லாக்கர் என்பது அருமையான பொருள். எனக்கு அது இல்லாமல் ரூபிகானில் ஓட்டவே பிடிக்காது. ஆனால் 33 இன்ச் டயரோடு டானா 35இல் லாக்கர் மட்டும் வாங்கி மாட்டுவது, ஷாஃப்ட்டுக்கு நாள் குறிப்பது. லாக்கர் வாங்கும் காசும் ஆக்சில் வாங்கும் காசும் ஒரே பட்ஜெட்டில் இருக்க வேண்டும்.

கழற்றிய ஷாஃப்ட்டைக் கையில் வைத்துப் பார்க்கப் பழகுங்கள். உடைந்ததை மட்டுமில்லை, உடையாததையும். ஸ்ப்லைன் பற்கள் நேர்க்கோடாக ஓட வேண்டும். பற்களோடு ஒட்டி ஒரு ஸ்கேலை வைத்தால் தெரிந்துவிடும். டிஃபரன்ஷியலுக்குள் போகும் முனையில் பற்கள் லேசாகத் திருகிக்கொண்டு சாய்ந்திருந்தால், அந்த இரும்பு ஏற்கெனவே தன் எல்லையைத் தாண்டிவிட்டது. இனி அது திரும்ப நேராகாது. அடுத்த முறையோ அதற்கடுத்த முறையோ கட் ஆகும். நண்பரின் டிஜேயில் பிரேக் வேலைக்காகக் கழற்றியபோது ஒரு பக்கத்து ஷாஃப்ட் அப்படித் திருகியிருந்தது. வண்டியில் ஒரு சத்தமும் இல்லை, ஓட்டத்தில் ஒரு வித்தியாசமும் இல்லை. அதே ஷாஃப்ட்டோடு மறுநாள் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் போயிருப்பார்.

குடும்பத்தை ஏன் இழுக்கிறேன் என்றால், டிஜேயின் டானா 35இல் ஷாஃப்ட்டைப் பிடித்து நிறுத்துவது டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் ஒரு சின்ன சி வடிவக் கிளிப். ஷாஃப்ட் முறிந்தால் வெளித்துண்டைப் பிடிக்க உள்ளே ஆளில்லை. சக்கரமும் ஷாஃப்ட்டும் சேர்ந்து ஹவுசிங்கிலிருந்து வெளியே நகர ஆரம்பிக்கும். டானா 44இல் பேரிங்கும் அதைப் பிடிக்கும் தட்டும் சக்கரத்துப் பக்கத்திலேயே போல்ட் போட்டு இறுக்கியிருக்கும். ஷாஃப்ட் முறிந்தாலும் சக்கரம் தன் இடத்தில் நிற்கும். டானா 60, ஜிஎம்மின் 14 போல்ட் போன்ற கனரக ஆக்சில்களில் இன்னும் மேல். அங்கே ஹப் தனியாக ஒரு ஸ்பிண்டில் மேல் உட்கார்ந்து எடையைச் சுமக்கிறது. ஷாஃப்ட்டுக்குச் சுழற்றுவது மட்டும்தான் வேலை. முறிந்த துண்டை உருவிப் போட்டுவிட்டு முன்சக்கர இழுவையில் வீடு வந்து சேரலாம்.

இனி பின் ஆக்சிலுக்கு என்ன வழி என்று பார்ப்போம்.

டானா 35இன் ஹவுசிங்கை அப்படியே வைத்துக்கொண்டு, 30 ஸ்ப்லைன் உலோகக்கலவை ஷாஃப்ட்டும் லாக்கரும் சேர்த்து விற்கிறார்கள். 33 இன்ச்சோடு நின்றுவிடுவேன் என்று உறுதியாக இருப்பவருக்குச் சரி. ஆனால் கிரவுன் பினியன் அதே சின்ன சைஸ்தான். ஷாஃப்ட்டைக் காப்பாற்றி, அடியைக் கிரவுனின் பல்லுக்கு மாற்றிவிடுகிறோம். ஷாஃப்ட் போனால் மலையிலேயே மாற்றலாம். கிரவுன் பல் போனால் வண்டியை இழுத்துக்கொண்டுதான் வர வேண்டும். எனக்கு இந்த வழியில் ஒப்புதல் இல்லை.

எனக்குப் பிடித்தது ஃபோர்டு 8.8. 1991 முதல் 2001 வரை வந்த எக்ஸ்ப்ளோரர் கார்களின் பின் ஆக்சில் இது. கிரவுன் 8.8 இன்ச், ஷாஃப்ட் 31 ஸ்ப்லைன், 1.32 இன்ச். 1995க்குப் பிறகு வந்தவற்றில் டிஸ்க் பிரேக். அகலம் டிஜேயோடு கிட்டத்தட்ட ஒத்துப்போகிறது. வீல் போல்ட் அமைப்பும் அதே ஐந்து போல்ட், 4.5 இன்ச் வட்டம். கையில் இருக்கும் வீலையே மாட்டிக்கொள்ளலாம். காயலான் கடையில் நெளிந்த எக்ஸ்ப்ளோரர் வரிசையாகக் கிடக்கும். ஆக்சிலோடு பிரேக்கும் சேர்த்து எடுத்துவந்துவிடலாம்.

வேலை அதற்குப் பிறகுதான். எக்ஸ்ப்ளோரரின் பட்டை ஸ்பிரிங் தாங்கிகளை அறுத்தெடுத்து, டிஜேயின் சுருள் ஸ்பிரிங்குக்கும் கண்ட்ரோல் ஆர்முக்கும் ஏற்ற தாங்கிகளை வெல்டு செய்ய வேண்டும். பினியன் பார்க்கும் கோணம் தப்பினால் புரொப்பெல்லர் ஷாஃப்ட் அதிரும். இரு பக்கக் குழாய்களும் வார்ப்பு நடுப்பகுதிக்குள் அழுத்திச் செருகி, சில இடங்களில் மட்டும் வெல்டு வைத்தவை. பெரிய டயரின் முறுக்கில் குழாய் உள்ளேயே சுழன்றுவிடலாம். எனவே சுற்றிலும் வெல்டு அடித்தாக வேண்டும். வார்ப்பிரும்போடு எஃகைச் சேர்ப்பதால் முன்கூட்டியே சூடேற்றி, நிக்கல் ராடு போட்டு, மெதுவாக ஆற விட வேண்டும். அனுபவமில்லாத கை இதைத் தொடக் கூடாது. இன்னொன்று: 8.8லும் அதே சி கிளிப்தான். அதை மாற்றிப் பேரிங்கை வெளியே கொண்டுவரும் கிட் தனியாகக் கிடைக்கிறது. பெரிய டயர் போடுகிறவர்கள் அதையும் பட்ஜெட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வெல்டிங் தொல்லை வேண்டாம் என்பவர்களுக்கு டிஜேயின் சொந்த டானா 44. கழற்றி மாட்டுகிற வேலைதான். தேடுகிறவர்கள் நிறைய என்பதால் பழையதற்கே விலை எகிறிக் கிடக்கிறது.

முன் ஆக்சில் வேறு கதை. பின் ஷாஃப்ட் நேராகச் சுழல்கிறது. முன் ஷாஃப்ட் ஸ்டீயரிங்கோடு வளைந்துகொண்டே சுழல வேண்டும். அந்த வளைவைச் செய்து தருவது யு ஜாயிண்ட். ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்து, முன் லாக்கரைப் பூட்டி, பாறையின் விளிம்பில் சக்கரம் செருகி நிற்கும்போது ஆக்சிலேட்டரை மிதித்தால், குறுக்குத் துண்டின் மூடி கொஞ்சம் கொஞ்சமாக வெளியே நகரும். அதைப் பிடித்திருக்கும் ஷாஃப்ட்டின் காது விரியும். அடுத்த உதைப்பில் காது பிய்ந்துவிடும். பாறையில் ஒலிக்கும் அந்தச் சத்தத்தை ஒருமுறை கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள். 'டங்' என்ற ஒரே சத்தம். அப்புறம் சக்கரம் சும்மா நிற்கும்.

2003இல் வந்த டிஜே ரூபிகானில் முன்னாலும் டானா 44 என்று சொல்லி வாங்குவார்கள். கிரவுன் 44தான், உள் ஷாஃப்ட் 30 ஸ்ப்லைன்தான். ஆனால் நக்கிள், வெளித்துண்டு ஷாஃப்ட், யு ஜாயிண்ட் எல்லாம் டானா 30இன் சைஸ். அந்த வண்டியில் டிரான்ஸ்ஃபர் கேஸின் லோ 4.0, டிஃபரன்ஷியல் 4.10. மேலே போட்ட பெருக்கல் அங்கே 21,000 நியூட்டன் மீட்டரைத் தொடுகிறது. பெயர்ப் பலகையை நம்பி 37 இன்ச் டயர் போட்டவர்கள் யு ஜாயிண்ட்டில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். குரோமோலி எஃகு ஷாஃப்ட், நல்ல யு ஜாயிண்ட், மூடி நகராதபடி முழுவட்ட கிளிப் என்று செய்துகொண்டால் டானா 30 கூட 35 இன்ச் வரை, நிதானமான காலுக்குக் கட்டுப்பட்டு ஓடும்.

பெரும்பாலோர் யோசிக்காத ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். எதுவும் உடையாத வண்டி கிடையாது. எது முதலில் உடைய வேண்டும் என்பதை மட்டும் நாம் தீர்மானிக்கலாம். மலையில் அரைமணி ஒருமணியில் மாற்றக்கூடிய பொருளாக அது இருக்கட்டும். டிஜேயின் முன் ஷாஃப்ட் அப்படிப்பட்டது. ஜாக்கி போட்டு டயரைக் கழற்றி, 36 மில்லிமீட்டர் நட்டைத் திறந்து, காலிப்பரைக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டு, ஹப் பேரிங்கைப் பிடித்திருக்கும் 13 மில்லிமீட்டர் போல்ட் மூன்றையும் கழற்றினால் ஷாஃப்ட் முழுசாக வெளியே வந்துவிடும். அந்தப் போல்ட்டுகளுக்கு பன்னிரண்டு முனை சாக்கெட் வேண்டும். அது பெட்டியில் இல்லாமல் மலையேறாதீர்கள். இடது ஷாஃப்ட் குட்டை, வலது நீளம். இரண்டுக்கும் ஒவ்வொரு ஸ்பேர் இருக்கட்டும்.

டானா 60க்கு வருவோம். கிரவுன் 9.75 இன்ச், 35 ஸ்ப்லைன் ஷாஃப்ட் 1.5 இன்ச். முன்பக்கத்துக்கு எல்லாரும் தேடுவது 1978, 79இன் ஃபோர்டு எஃப்-350இல் வந்தது. பின்னால் ஜிஎம் 14 போல்ட், கிரவுன் 10.5 இன்ச், பினியனுக்கு மூன்றாவது பேரிங் வேறு. இவற்றை உடைக்கத் தனித் திறமை வேண்டும். ஆனால் அகலம் டிஜேயின் ஆக்சிலைவிடப் பல இன்ச் அதிகம். எட்டு போல்ட் வீல். எடையோ எக்கச்சக்கம், அதுவும் ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்கும் எடை, சாலையில் ஒவ்வொரு குழியிலும் அதை உணர்வீர்கள். 14 போல்ட்டின் நடு உருண்டை அவ்வளவு கீழே தொங்குவதால், 35 இன்ச் டயரோடு போட்டால் அதுவே பாறையில் இடிக்கும். அடிப்பகுதியைச் சீவி எடுத்து ஓட்டுகிறவர்கள் உண்டு. 37க்கும் அதற்கு மேலும் போகிறவருக்கு இந்த ஆக்சில்கள் அவசியம். 35 இன்ச் போதும் என்பவருக்கு இது வெறும் சுமை. டானா 60 மலிவாக வருகிறது என்று கேட்ட தம்பிக்கும் இதைத்தான் சொன்னேன்.

எந்த ஆக்சிலானாலும் கியர் விகிதத்தை அப்போதே சேர்த்து முடிவு செய்யுங்கள். 30 இன்ச் டயரோடு 3.73 இருந்த வண்டிக்கு 35 போட்டால், பழைய இழுவை திரும்பக் கிடைக்க 4.35 வேண்டும். கிடைக்கும் செட்டில் நெருங்கியது 4.56. ஹவுசிங் திறந்திருக்கும்போது ஒரே கூலியில் முடிந்துவிடும். கிரவுன் பினியன் செட் செய்வது பொறுமைக்காரர் வேலை. பல்லில் மஞ்சள் பெயின்ட் தடவி, கையால் சுழற்றி, பினியன் பதிந்த தடம் பல்லின் நடுவில் விழுகிறதா, நுனிக்கோ அடிக்கோ ஒதுங்குகிறதா என்று பார்த்து, மெல்லிய ஷிம்களை ஏற்றி இறக்கி, மறுபடியும் பெயின்ட். பற்களுக்கு நடுவே விட வேண்டிய இடைவெளி பொதுவாக ஓர் இன்ச்சை ஆயிரமாகப் பிரித்தால் அதில் 6 முதல் 10 பங்கு. டயல் கேஜ் இல்லாமல் "கைப்பழக்கம்தான், பார்த்துக்கலாம்" என்று சொல்லும் கடையிலிருந்து வண்டியை எடுத்து வந்துவிடுங்கள். புதுப் பல்லுக்கு முதல் 500 மைல் நிதானமாக ஓட்டி, எண்ணெயை மாற்ற வேண்டும். அதற்கு முன் பெரிய டயரோடு மலையேறுவதும் சுமை இழுப்பதும் கூடாது.

கோயம்புத்தூர், கொடைக்கானல் பக்கமிருந்து கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மகிந்திராவின் பழைய ஜீப்புகள் வில்லிஸ் வம்சம். வில்லிஸ் சிஜே-3பியின் பின் ஆக்சிலே டானா 44தான். நல்ல நிலையில் ஒன்று உங்களிடம் இருந்தால், அதன் டயர் சைஸுக்கு ஆக்சிலைத் தொடவே தேவையிருக்காது. பேரிங்கும் ஆயில் சீலும் மாற்றினால் போதும். இன்றைய தாரில் முன்பக்கம் சுயேச்சை சஸ்பென்ஷன் என்பதால் நான் மேலே சொன்ன முன் ஆக்சில் யோசனைகளை அப்படியே எடுக்க முடியாது. சட்டமும் வேறு. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றில் இருக்கும் விவரம் தயாரிப்பாளரின் அமைப்பிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. இன்ஷூரன்ஸ் விஷயத்தையும் யோசித்து, ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டுவிட்டு இறங்குங்கள்.

டிஜே வைத்திருப்பவர்களுக்கு என் முடிவு இது. 31 இன்ச் வரை, லாக்கர் இல்லையென்றால், எதையும் மாற்றாதீர்கள். அந்தக் காசுக்குப் பெட்ரோல் போட்டு மலைக்கு வாருங்கள். 33க்கும் 35க்கும் பின்னால் டானா 44 அல்லது ஃபோர்டு 8.8, முன்னால் இருக்கும் ஆக்சிலுக்கே குரோமோலி ஷாஃப்ட். 37 என்று முடிவெடுத்துவிட்டால் நடுவில் எதையும் வாங்கி வீணாக்காமல் நேராக டானா 60க்குப் போங்கள். ஏற்கெனவே டானா 35இல் லாக்கரும் 33 இன்ச் டயரும் போட்டு ஓட்டிக்கொண்டிருப்பவர்கள், அடுத்த நெடுஞ்சாலைப் பயணத்துக்கு முன் பின் ஷாஃப்ட் இரண்டையும் உருவி ஸ்ப்லைனைப் பாருங்கள். பற்கள் சாய்ந்திருந்தால், புதியது வந்து சேரும் வரை வண்டியை வீட்டிலேயே நிறுத்திவையுங்கள்.